தலை இல்லாத பெண்கள்: சர்ரியல் புகைப்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண்மை, அடையாளம் ஆகியவற்றைப் பற்றி கனவுபோல விசித்திரமான சர்ரியல் படங்கள் எடுக்க இப்போது நிறைய பேர் வருகிறார்கள். புதியவர்கள் தங்கள் தொகுப்பைக் கொண்டுவந்து காட்டும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலைந்து தொகுப்புகளை வரிசையாகப் பார்த்தால் எல்லாவற்றையும் ஒரே ஆள் எடுத்ததுபோல் தெரிகிறது. நாங்கள் ஆரம்பத்தில் இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். ஃபோகஸ் தவறுவது, சட்டகம் சாய்வது, வெட்டி ஒட்டிய விளிம்பு பிசிறடிப்பது போன்றவை பழகப் பழகத் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## காரணம் இல்லாமல் முகத்தை மறைப்பது

இத்தனை காலம் ஆகியும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு பெண்ணை நிற்க வைக்கிறார்கள். தலை இருக்க வேண்டிய இடத்தில் பூங்கொத்து, பறவைக்கூண்டு, மேகம் என்று ஏதோ ஒன்று. இல்லையென்றால் சட்டகம் கழுத்தோடு முடிந்துவிடும். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டால், "அடையாளத்தை இழந்த பெண்" என்று பதில் வரும். யாரிடம் இழந்தாள் என்று கேட்டால் பதில் இல்லை. படத்தில் வேறு யாரும் இல்லை. அவள் முகத்தைப் பறித்தவர் படத்தை எடுத்தவர்தான்.

இந்தப் பழக்கத்துக்கு நூறு வயது. 1924இல் புகைப்படக் கலைஞர் மான் ரே, கிகி என்ற மாடலின் வெற்று முதுகைப் படமெடுத்து, அச்சின்மேல் வயலினில் இருப்பதுபோல் இரண்டு துளைகளை வரைந்து, அதை மறுபடி படமெடுத்தார். கைகள் தெரியாது. உடம்பு வாத்தியமாகிவிடும். 1929இல் பாரிஸ் சர்ரியலிஸ்டுகளின் இதழில் ஓவியர் மாக்ரித் வரைந்த நிர்வாணப் பெண் நடுவில் நிற்க, சுற்றிலும் 16 சர்ரியலிஸ்டுகளின் சிறு புகைப்படங்கள் வந்தன. 16 பேரும் ஆண்கள், எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். யார் யார் என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டலாம். நடுவில் நிற்பவளுக்குப் பெயர் கிடையாது.

மான் ரேயின் படம் அழகானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெண்ணின் பக்கம் நின்று பேச வந்தவர் அதே உத்தியை யோசிக்காமல் கையில் எடுத்தால், படம் போய் நிற்பது எதிர்ப் பக்கத்தில்.

அதற்காக, பெண்ணைப் பொருளாக மாற்றிக் காட்டவே கூடாது என்று சொல்லவில்லை. புவனோஸ் ஐரிஸில் கிரேட்டே ஸ்டெர்ன், 1948 முதல் 1951 வரை ஒரு பெண்கள் பத்திரிகைக்காக, வாசகிகள் எழுதி அனுப்பிய கனவுகளைப் படங்களை வெட்டி ஒட்டி உருவாக்கினார். அதில் ஒன்றில் பெண்ணே மேசை விளக்கின் தண்டு. ஓர் ஆணின் பெரிய கை சுவிட்சை நோக்கி வருகிறது. அந்தக் கை சட்டகத்துக்குள் இருப்பதுதான் எல்லாம். அவளை யார் விளக்காக்கினார்கள் என்பது படத்திலேயே இருக்கிறது. கையை மறைத்துக்கொண்டு பாருங்கள், மிச்சம் வெறும் அலங்காரப் பொருள்.

ஃபிரான்செஸ்கா வுட்மன் 1976 வாக்கில் பாழடைந்த வீட்டில் எடுத்த தன்னுருவப் படங்களும் அப்படித்தான். சுவரிலிருந்து கிழிந்த தாளைப் பிடித்து உடம்பையும் முகத்தையும் மறைத்துக்கொள்கிறார். மறைக்கும் பொருள் அந்த வீட்டுடையது. வீடு அவரை விழுங்குகிறதா, அவரே போய் ஒளிந்துகொள்கிறாரா என்று பார்ப்பவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. பூங்கொத்துத் தலையைப் பார்த்து யாரும் எதையும் யோசிப்பதில்லை.

முகத்தைக் காட்டியே குழப்பவும் முடியும். குளோட் காஅன், 1927 வாக்கில் தன் துணை மார்செல் மூரோடு சேர்ந்து எடுத்த ஒரு படத்தில் பளுதூக்கும் வீரர் வேடத்தில் உட்கார்ந்திருக்கிறார். கன்னங்களில் வரைந்த இதயங்கள், கையில் பளு, நேராக நம்மைப் பார்க்கும் கண்கள். எதுவும் மறைக்கப்படவில்லை. ஆணா பெண்ணா, வீரரா பொம்மையா என்று முடிவு செய்ய மட்டும் முடியாது.

இந்தத் தவறுக்கு ஒருவர் கொடுத்த விலையைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த இளம் புகைப்படக்காரர் ஒருவர் தன் தோழியை வைத்து ஒரு தொகுப்பு எடுத்தார். ஒவ்வொரு படத்திலும் தலைக்குப் பதில் ஒரு வீட்டுச் சாமான். படமெடுக்கும்போது தோழி முகத்தோடுதான் நின்றார், சாமான்கள் பிறகு கணினியில் வந்து சேர்ந்தவை. பெரிய அளவில் அச்சிட்டு, சட்டம் போட்டு, காட்சிக்கு மாட்டிய பிறகுதான் தோழி பார்த்தார். "இதில் நான் எங்கே இருக்கிறேன்? யார் வேண்டுமானாலும் நின்றிருக்கலாமே!" என்றார். தன் உடம்பு இருக்கும் எந்தப் படத்தையும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். படங்கள் கீழே இறங்கின. அச்சுக்கும் சட்டத்துக்கும் கொடுத்த காசு போனது போனதுதான். அந்த நட்பும் பழையபடி ஆகவில்லை. தோழி கேட்ட கேள்வியை எடுத்தவர் தன்னிடமே முதல் நாள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் தொகுப்பே வேறு மாதிரி வந்திருக்கும். அதை நினைத்தால் மனசு இன்னும் ஆற மாட்டேன் என்கிறது.

அதனால் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். முகத்தோடு ஒன்று, மறைத்து ஒன்று என்று இரண்டு படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மறைத்த படத்தில் ஆளை மாற்றினாலும் ஒன்றும் மாறாது என்றால் அதைத் தள்ளிவிடுங்கள். மறைக்கும் பொருள் எங்கிருந்து வந்தது, யார் வைத்தது என்பதற்குப் படத்துக்குள் ஒரு தடயமாவது இருக்கட்டும். அப்புறம், கணினியில் மாற்றிய படத்தை அதில் இருப்பவரிடம் காட்டிச் சம்மதம் வாங்காமல் வெளியே விடவே விடாதீர்கள். கேமரா முன் நிற்க ஒப்புக்கொண்டார் என்பதற்காக இஸ்திரிப்பெட்டியாக மாறவும் ஒப்புக்கொண்டார் என்று ஆகாது.

## அபத்தத்தின் மேல் நாடக ஒளியைக் கொட்டுவது

பொருள் எவ்வளவு விசித்திரமோ, படம் அவ்வளவு சாதாரணமாக இருக்க வேண்டும். பிர்கிட் யூர்கென்சன் 1975இல் ஒரு சமையல் அடுப்பையே ஏப்ரன்போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அடுப்பின் திறந்த வாயில் ஒரு ரொட்டி. அதை நேர்ப் பார்வையில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று காவல் நிலையத்தில் ஆளை எடுப்பதுபோல எடுத்திருக்கிறார். புகை இல்லை, நீல ஒளி இல்லை, வானத்தைப் பார்க்கும் சோகக் கண்கள் இல்லை. அடுப்பைச் சுமப்பது அன்றாட விஷயம் என்பதுபோல நிற்கிறார். அதனால்தான் அது உறைக்கிறது. நாடக ஒளி வந்த நிமிடமே "இது கலை, பயப்படாதே" என்று பார்ப்பவருக்குச் சொல்லிவிடுகிறோம், அவரும் நிம்மதியாக நகர்ந்துவிடுகிறார்.

## "கணினியில் பார்த்துக்கொள்ளலாம்"

கேமராவிலேயே முடியும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். உருவம் கரைவதுபோல் வேண்டுமா? டிரைபாடில் வைத்து, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 2 விநாடி. வெளிச்சம் அதிகமென்றால் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரை லென்ஸ் முன் போடுங்கள். முதல் ஒரு விநாடி அசையாமல் நின்று, அடுத்த விநாடியில் தலையை மட்டும் மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். சுவரின் ஒவ்வொரு விரிசலும் கூர்மையாக இருக்கும், முகத்தில் ஒரு திடமான பார்வையும் அதிலிருந்து இழுபட்டுப்போகும் புகை போன்ற இன்னொரு முகமும் சேர்ந்து விழும். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விழும் என்பது இதன் பெரிய லாபம். மென்பொருளில் நீங்கள் நினைத்தது மட்டும்தான் வரும்.

ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஒட்டப்போகும் பொருளை அதே இடத்தில், அதே லென்ஸில், அதே உயரத்தில், அதே வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். கூண்டு தோளில் உட்காரும் இடத்தில் தோல் லேசாக அழுந்த வேண்டும், அங்கே மெல்லிய கறுப்பு நிழல் இருக்க வேண்டும். கண் முதலில் தேடுவது அந்த நிழலைத்தான்.

## உடைந்த கண்ணாடி, சிவப்பு நூல், பொம்மைக் கை

எல்லோரும் எடுத்துத் தேய்ந்த பொருள்கள். ஒரு வருடம் தொடாதீர்கள்.

## தன்னுருவப் படத்திலும் அழகாகத் தெரியப் பார்ப்பது

அடையாளத்தைக் கேள்வி கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, தனக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் கேமராவுக்குக் காட்டுவார்கள். முகப்பருவைத் துடைத்துவிட்டு மீனைத் தலையில் வைப்பார்கள். அனா மென்டியேட்டா 1972இல் நண்பரின் தாடியை வெட்ட வெட்ட எடுத்துத் தன் முகத்தில் ஒட்டிக்கொண்டு, அதைப் படங்களாகப் பதிவு செய்தார். தாடி கச்சிதமாகப் பொருந்தவில்லை, அதை அவர் ஒளிக்கவும் இல்லை. அந்த ஒட்டுவேலை தெரிவதால்தான், மற்ற எல்லா முகங்களிலும் எது ஒட்டியது, எது முளைத்தது என்று தேடத் தோன்றுகிறது.

## பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுவது

தோரா மார் 1936இல் காட்டிய ஓர் உயிரினத்தின் படம் இன்றும் பார்ப்பவரைத் தொந்தரவு செய்கிறது. செதில்கள், வளைந்த நகங்கள், பாதி மூடிய கண். உடம்பில் ஓடு கொண்ட ஆர்மடில்லோ என்ற விலங்கின் கரு என்று பலர் சொல்கிறார்கள். அது என்ன என்று அவர் கடைசிவரை உறுதிப்படுத்தவில்லை. உங்கள் படத்துக்குக் கீழே தலைப்பும் ஆண்டும் போட்டால் போதும். "சமூகம் பெண்ணின் மேல் சுமத்தும்" என்று தொடங்கும் பத்தி தேவைப்படுகிறது என்றால், பத்தியை நீட்டாமல் படத்தை மறுபடி எடுங்கள்.