கவரேஜ் கணக்கிலிருந்து வரிகளை விலக்கும்போது கவனிக்க வேண்டியவை

பைத்தானில் கவரேஜ்.பை என்ற கருவியை வைத்து டெஸ்ட் கவரேஜ், அதாவது டெஸ்ட் ஓடும்போது கோடில் எந்தெந்த வரிகள் ஓடின என்ற கணக்கு, பார்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன். டெஸ்ட் எழுத வழியில்லாத, எழுதினாலும் பயனில்லாத வரிகள் எல்லா புராஜெக்டிலும் இருக்கும். விண்டோஸில் மட்டும் ஓடுகிற துண்டு, டீபக் செய்ய வைத்த பிரிண்ட், இந்த மாதிரி. அந்த வரியின் கடைசியில் ஹேஷ் குறி போட்டு, ஆங்கிலத்தில் ‘பிராக்மா: நோ கவர்’ என்று கமெண்ட் எழுதினால் போதும், அது கணக்கில் வராது.

ஆனால் எந்த வரியில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து எவ்வளவு மறையும் என்பது மாறும். சாதாரண வரி என்றால் அது மட்டும். இஃப் வரியில் போட்டால் அதன் கீழே உள்ள பிளாக் முழுவதும் போகும், எல்ஸ் பகுதி கணக்கிலேயே இருக்கும். டெஃப் வரியிலோ அதன் மேலே உள்ள டெக்கரேட்டரிலோ போட்டால் ஃபங்ஷனே மொத்தமாகப் போய்விடும். நான் ஒருமுறை மூன்று வரி ஃபங்ஷனுக்கு டெஃப் வரியில் போட்டுவிட்டு மறந்துபோனேன்; அது மெல்ல வளர்ந்து நாற்பது வரி ஆகிவிட்டது, உள்ளே ஒரு கண்டிஷன் தலைகீழாக இருந்தது, ரிப்போர்ட்டோ 100 சதவீதம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் இந்தக் குறியை முடிந்தவரை உள்வரியில் போட்டு, பக்கத்திலேயே ‘விண்டோஸில் மட்டும் ஓடும்’ என்பது போல ஒரு காரணமும் எழுத ஆரம்பித்தேன். அதே கமெண்டில் பின்னால் எதை எழுதினாலும் குறி வேலை செய்யும்.

சரி, ஒரே மாதிரி வரி பல ஃபைல்களில் வந்தால்? ‘ரெய்ஸ் நாட்இம்ப்ளிமென்டெட்எரர்’, ‘இஃப் டைப்_செக்கிங்’ போன்றவற்றுக்கு ஒவ்வொரு இடத்திலும் கமெண்ட் போட வேண்டாம். கவரேஜ்.பையின் செட்டிங்ஸ் இருக்கும் கவரேஜ்ஆர்சி ஃபைலின் ரிப்போர்ட் பகுதியில் ‘எக்ஸ்க்ளூட்_ஆல்சோ’ என்று கொடுத்து அந்தப் பேட்டர்ன்களை எழுதுங்கள், 7.2 வெர்ஷனிலிருந்து இது இருக்கிறது. பழைய ‘எக்ஸ்க்ளூட்_லைன்ஸ்’ இயல்பான பட்டியலையே தூக்கிவிடும், அதில் பிராக்மாவை நீங்களே திரும்பச் சேர்க்காவிட்டால் போட்ட கமெண்ட் ஒன்றும் வேலை செய்யாது.

பேட்டர்ன் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைத் தேடும் குறிமுறை) என்பதையும், வரியில் எங்கே பொருந்தினாலும் அது விலக்கிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். வெறுமனே ‘டீபக்’ என்று எழுதினால் லாகர்.டீபக் வரிகள் போவதோடு, பெயரில் டீபக் வருகிற ஃபங்ஷனும் முழுசாகப் போய்விடும்.

எச்டிஎம்எல் ரிப்போர்ட்டில் விலக்கிய வரிகளின் எண்ணிக்கை ஃபைல் வாரியாகத் தனி நெடுவரிசையில் வரும். பேட்டர்னை மாற்றியதும் முதலில் அதைப் பாருங்கள், எண் திடீரென ஏறியிருந்தால் அந்த ஃபைலைத் திறந்து என்னென்ன மறைந்தது என்று வரி வரியாகப் பார்த்துவிடுங்கள்.