மட்டக்களப்பிலிருந்து கொழும்பைச் சுற்றிப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பாடசாலை விடுமுறை வந்தால் போதும், நம் ஊரில் தெருவுக்கு ஒரு வான் கொழும்புக்குக் கிளம்பும். முன்பெல்லாம் மிருகக்காட்சிசாலை, காலி முகத்திடல், புறக்கோட்டையில் உடுப்பு, அவ்வளவுதான். இப்போது லண்டனிலோ கனடாவிலோ இருந்து வரும் சொந்தக்காரர்கள் அங்கிருந்தே போனில் ஒரு கைடைப் பிடித்து, காலையிலிருந்து மாலை வரை கலாசாரச் சுற்றுலா என்று ஒன்றைப் பதிவு செய்து, ஊரில் இருக்கிற அம்மம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் காசும் கொடுத்து, களைத்தும் போய், திரும்பி வந்த பிறகு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் தாமரைக் கோபுரத்தைத் தவிர வேறொன்றும் வாயில் வராமல் நிற்கிறவர்கள்தான் அதிகம்.

காரணம் பெரிய மர்மமில்லை. அந்தத் திட்டம் உங்களுக்காகப் போட்டதே இல்லை. காலையில் கப்பலில் வந்து இறங்கி மாலையில் திரும்ப ஏறப்போகும் வெள்ளைக்காரருக்காகப் போட்டது. அவருக்குக் கோயில் மணிச் சத்தமே புதினம், இளநீர் குடிப்பது ஒரு நிகழ்ச்சி, இடியப்பம் பிழிவதை நின்று படம் எடுப்பார், ஆட்டோவில் ஏற்றினால் சந்தோஷத்தில் கத்துவார். ஆரையம்பதியிலிருந்து போகிற ஒருவர் இதற்கெல்லாம் காசு கட்ட வேண்டுமா? ஆகவே கைட் அனுப்பிய திட்டத்துக்கு உடனே ஓகே போடாதீர்கள். உட்கார்ந்து வாசித்து, நமக்குத் தேவையில்லாததை வெட்டுங்கள், மிஞ்சுகிற நேரத்தை எங்கே போட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கே போடலாம் என்றால், என் கணக்கில் முதலிடம் தேசிய நூதனசாலைக்கு. பல திட்டங்களில் இதற்கு முக்கால் மணித்தியாலம் ஒதுக்கியிருப்பார்கள், அது வாசலுக்கும் கழிப்பறைக்கும்தான் காணும். 1877இல் திறந்த கட்டடம், அரை நாள் கொடுத்தாலும் தகும். கண்டி அரசர்களின் சிம்மாசனம் இங்கேதான் இருக்கிறது: 1693இல் ஒல்லாந்தர் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது, 1815இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு போனது, 1934இல் திரும்பி வந்தது. அதை எல்லாக் கைடும் காட்டுவார்கள். கேட்டால்தான் காட்டுவது காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டு தேதி போட்டுக் கொண்டுவந்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியிருக்கிறது, சீனப் பகுதியில் புத்தருக்கு, தமிழில் தேவந்துறைக் கோயில் தெய்வமான தென்னாவர நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு என்று மூன்று பேருக்கும் காணிக்கை. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று பட்டியலே உண்டு. அறுநூறு வருடத்துக்கு முன்பு இந்தத் தீவின் துறைமுகத்துக்குக் கல் வெட்டுகிறவன் தமிழில் வெட்டியிருக்கிறான் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டாமா? அப்புறம் வெண்கலச் சிலைகள். நாம் ரயிலில் தூங்கிக்கொண்டே தாண்டிப் போகிற பொலன்னறுவையின் சிவன் கோயில்களிலிருந்து வந்த நடராசரும் சுந்தரரும் அங்கே நிற்கிறார்கள்.

கைட் சொல்வதை வாய்மூடிக் கேட்டுக்கொண்டே வருவதும் தவறுதான். கேள்வி கேளுங்கள், நம் ஊரையும் இழுத்துப் போடுங்கள். ஒல்லாந்தர் கதை வந்தால், கொழும்பை அவர்கள் பிடித்தது 1656, நம் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தது 1638 என்று சொல்லிப் பாருங்கள், நல்ல கைடாக இருந்தால் அந்தப் பதினெட்டு வருடத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசுவார், இல்லாவிட்டால் ஆளை அளந்துவிடலாம். இன்னொன்று, கொழும்புக் கோட்டை என்றதும் பிள்ளைகள் மதிலும் பீரங்கியும் எதிர்பார்ப்பார்கள். அங்கே மதிலை ஆங்கிலேயர் 1870 வாக்கிலேயே இடித்துவிட்டார்கள், பெயர்தான் மிச்சம். முழுக்கோட்டை பார்க்க ஆசையென்றால் நம் மட்டக்களப்பு வாவிக்கரைக்கே போகலாம், டிக்கட்டும் மிச்சம்.

நேரத்தைத் தவறாக அடுக்குவது அடுத்த பெரிய பிழை. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டியது, தூண்களையும் விதானத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதைப் பகல் இரண்டு மணிக்குப் போட்டிருந்தால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள், கோயில் மத்தியானம் நடை சாத்தும் என்று நமக்குத் தெரியாதா, கைட் போட்டாரென்று பேசாமல் இருக்கலாமா? காலையில் முதலாவதாக வையுங்கள். அதே பக்கத்தில் செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள், அந்தோனியார் ஆலயம், கொஞ்சம் மேலே ஏறினால் 1757இல் திறந்த ஒல்லாந்தரின் வுல்ஃபெண்டால் தேவாலயம், புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசல், எல்லாம் கிட்டக்கிட்ட. இவற்றை ஒரு காலையில் முடித்துவிட்டு மற்றப் பக்கம் போங்கள். வடக்கு, தெற்கு, திரும்ப வடக்கு என்று போட்ட திட்டத்தில் பாதி நாள் வானுக்குள்ளேயே போய்விடும், அதுவும் பாடசாலை விடுகிற ஒன்றரை மணிக்கும் கந்தோர் விடுகிற நாலரைக்கும் கொழும்பு வீதியில் நகரவே ஏலாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிவாசல் சுற்றிப் பார்க்கிற இடமில்லை, ஜும்ஆ நேரம். காத்தான்குடி, சம்மாந்துறை ஆட்கள் கூட வருகிறார்கள் என்றால் அந்த நேரத்தையே புறக்கோட்டைக்கு வைத்தால் தொழுகையும் ஆகும், மற்றவர்கள் கடைப்பக்கம் போகலாம். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் ஆலயத்தில் சனம் நிறையும். ஞாயிறு புறக்கோட்டையில் பல கடை பூட்டு. மாசி மாதப் போயாவை ஒட்டிக் கங்காராமைப் பெரஹரா, ஆடியில் வேல் விழா, இந்த நாட்களில் வீதி மறிப்பார்கள். விழாவைப் பார்க்கவே போகிறீர்களென்றால் சரி, இல்லாவிட்டால் நாளை மாற்றுங்கள்.

அந்தோனியார் ஆலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை அங்கே குண்டுவெடிப்பு நடந்தது, அதே காலையில் நம் சீயோன் தேவாலயத்திலும் நடந்தது. வாசலில் நின்று செல்ஃபி எடுக்கிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர் ஆட்கள் அதைச் செய்யக்கூடாது, வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மொழி விஷயத்தைக் கேட்காமல் விடுவார்கள். கொழும்பில் ஆங்கிலம், சிங்களம் பேசுகிற கைட் தாராளம், தமிழில் விளக்கமாகச் சொல்லக்கூடியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். லண்டன் மாமாவுக்கு ஆங்கிலம் போதும். அம்மம்மாவுக்கு? அவர் நாள் முழுக்க யாராவது மொழிபெயர்ப்பார்களா என்று முகம் பார்த்துக்கொண்டே நடப்பார். பதிவு செய்யும் முன்பே வட்ஸ்அப்பில் எழுதிப் போடுங்கள்: "தம்பி, ரெண்டு வயசான ஆக்கள் வாறாங்க, கனக்கப் படி ஏற ஏலாது, எல்லாம் தமிழ்ல சொல்லணும், மாணிக்கக் கடைக்கு நாங்க வாறதில்ல." இவ்வளவும் போதும். மாணிக்கக் கடை, பத்திக் துணிக் கடை என்று நிறுத்தினால் கைடுக்குக் கொமிஷன் உண்டு, அது அவர் பிழைப்பு, அதற்காகச் சண்டை பிடிக்கத் தேவையில்லை, ஆனால் உங்கள் ஒரு மணித்தியாலம் அதில் போகும்.

விலையையும் அதே இடத்தில் பேசி முடியுங்கள். நுழைவு டிக்கட் உள்ளா வெளியா, மதியச் சாப்பாடு யாருடையது, வான் தரிப்பிடக் காசு, நேரம் பிந்தினால் மணித்தியாலத்துக்கு எவ்வளவு, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை கொடுத்த அனுமதி அட்டை இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கமில்லை, உண்மையான கைட் தானே எடுத்துக் காட்டுவார். உள்ளூர் ஆட்களுக்கும் வெளிநாட்டவருக்கும் டிக்கட் விலை வேறு, வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை. ஆகவே அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற சொந்தக்காரருக்கு எந்த விலை என்று முதலே கேட்டுவிடுங்கள், வாசலில் நின்று "நானும் இந்த நாட்டில் பிறந்தவன்தான்" என்று வாதாடி ஒரு பயனும் இல்லை.

உடுப்பு பற்றி நம் ஆட்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை, தோளும் முழங்காலும் மூடியிருந்தால் எங்கேயும் பிரச்சினை வராது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், அதைப் பாரதூரமாக எடுப்பார்கள். பேரை வாவிக்குள் இருக்கிற சீமா மாலகை விகாரைக்கு, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது, நடுப்பகலில் போனால் செருப்பைக் கழற்றிய அடுத்த நிமிடம் கால் வெந்துவிடும். ஒரு சோடி காலுறை பையில் வையுங்கள், அல்லது வெயில் தாழ்ந்து போங்கள். தாமரைக் கோபுரம் 350 மீற்றருக்கு நிற்கிறது, எங்கேயும் ஓடாது. பிள்ளைகள் விடமாட்டார்கள் என்றால் கடைசியில் வையுங்கள், கலாசார நாளின் நடுவில் லிஃப்ட் வரிசையில் நிற்காதீர்கள்.

மழையை நம் ஊர்க் கணக்கில் பார்ப்பதும் பிழை. நமக்குக் கார்த்திகை, மார்கழி. கொழும்புக்கு வைகாசியிலும் திரும்ப ஐப்பசியிலும் கொட்டும், சித்திரையில் பின்னேரம் இடிமுழக்கம் வழக்கம். குடை வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, இரவு பஸ்ஸில் போய் விடியற்காலை புறக்கோட்டையில் இறங்கி, பொது மலசலகூடத்தில் முகம் கழுவி, அப்படியே சுற்றுலாவைத் தொடங்கி, அன்றிரவே திரும்ப பஸ் ஏறுவது. அறைக் காசு மிச்சம் என்பார்கள். பதினொரு மணிக்கே பிள்ளை வானுக்குள் தூங்கும், கைட் சீட்டின் முதுகுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். முதல் நாள் பகலே போய் வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டிலோ மலிவான அறையிலோ தங்குங்கள். திரும்பும் பஸ்ஸுக்குச் சீட்டை முன்பே பதிவு செய்து, சுற்றுலா முடிகிற நேரத்துக்கும் பஸ் நேரத்துக்கும் இடையில் இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள். சந்தோஷமாக ஏதும் கொடுப்பதென்றால் கைடுக்கு வேறாக, சாரதிக்கு வேறாகக் கையில் கொடுங்கள், ஒருவரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் அது எப்போதும் சரியாகப் பிரிவதில்லை.