வெளிநாட்டுக் குழந்தைக்குப் பரிசுப் பெட்டி கட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

போன வருஷம் கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியறையில் இருபத்தேழு பரிசுப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சுவரோரமாக எறும்புச் சாரை. அது வளைந்து நெளிந்து போய், மூன்றாவது வரிசையில் ஒரே ஒரு பெட்டிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பிரித்தோம். புது பென்சில், புது நோட்டு, சின்னதாக ஒரு துண்டு, அதற்கடியில் மாம்பழ பார் நான்கு. ஒன்றின் உறை கிழிந்து துண்டு முழுக்கப் பிசுபிசுவென்று ஆகியிருந்தது. வைத்த அக்கா ஆசையாகத்தான் வைத்திருக்கிறார். "கிருஷ்ணகிரியிலிருந்து போகிற பெட்டியில் மாம்பழம் இல்லாமலா?" என்றார். அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அன்று இருபத்தேழு பெட்டிகளையும் பிரித்து, துடைத்து, திரும்பக் கட்ட சாயங்காலம் ஆகிவிட்டது.

நாங்கள் கட்டும் பெட்டிகள் பெரும்பாலும் இலங்கை மலையகத்துக்குப் போகின்றன. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யக் கடல் கடந்து போன தமிழர்களின் வழிவந்த பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அனுப்பும் பொறுப்பு ஒரு தொண்டு நிறுவனத்துடையது, நிரப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. ஷூ டப்பாவில் பரிசு நிரப்பி வேறு நாட்டுக் குழந்தைகளுக்கு அனுப்பும் பழக்கம் 1990-இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலிருந்து ருமேனியக் குழந்தைகளுக்கு அனுப்பியதில் தொடங்கியது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. அப்படி அனுப்புகிறவர்கள் சொல்லும் விதிகளைத்தான் நாங்களும் கைக்கொள்கிறோம். தின்பண்டம், திரவம், மருந்து, உடையும் பொருள், பழைய பொருள், ஆயுத பொம்மை, இவை எதுவும் கூடாது.

தின்பண்டத்தின் கதி மேலே சொன்னதுதான். கடலை உருண்டை, புளி மிட்டாய், சாக்லேட் எல்லாவற்றுக்கும் அதே கதி. எறும்பு வராவிட்டாலும், வெயிலில் நிற்கும் கன்டெய்னரில் வாரக்கணக்காகக் கிடக்கும் பெட்டி அது. போகிற நாட்டுச் சுங்கத்தில் உணவுப் பொருளைக் கண்டால் பெட்டியையே நிறுத்தி வைக்கவும் வாய்ப்புண்டு. திரவமும் அப்படித்தான். ஷாம்பு சாஷே சின்னதுதானே என்று நினைப்போம். மேலே பத்துப் பெட்டி ஏறியதும் அது வெடித்து நோட்டையும் சட்டையையும் நாசமாக்கிவிடும். தேங்காய் எண்ணெய், பசை, பற்பசை எதுவும் வேண்டாம். பிரஷ் வையுங்கள், சோப்புக் கட்டி வையுங்கள், அது போதும். தைலம், சத்து மாத்திரை வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தெரியாத பிள்ளைக்கு மருந்து கொடுப்பது நம் வேலை இல்லை.

அப்புறம் பழைய பொருள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் மனஸ்தாபம் வருவது இதில்தான். அண்ணன் சட்டையைத் தம்பி போடுவதும், பெரியம்மா மகளின் பாவாடை நம் வீட்டுக்கு வருவதும் நம் ஊரில் சாதாரணம். அதில் ஒரு குறையும் இல்லை, நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் அது உறவுக்குள் நடப்பது. பரிசு என்று சொல்லிக் கொடுக்கும் பெட்டியில் அது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஒருமுறை பிரித்துப் பார்த்த பெட்டியில் பன்னிரண்டு கலர் பென்சில் டப்பா ஒன்று இருந்தது. உள்ளே பதினொன்று. சிவப்பு மட்டும் இல்லை. கூடவே இருந்த நோட்டில் முதல் நான்கு பக்கம் கிழிக்கப்பட்டு, அட்டையில் வேறொரு பிள்ளையின் பெயரும் வகுப்பும் பிரிவும் எழுதியிருந்தன. அந்தப் பெட்டியைத் திறக்கும் குழந்தை முதலில் சிவப்பைத்தான் தேடும். பணம் குறைவு என்றால் பொருளைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆறு கலர் இருக்கிற புது டப்பா, பதினொன்று இருக்கிற பழைய டப்பாவைவிட நூறு மடங்கு மேல்.

அரசுப் பள்ளியில் நம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த பை, நோட்டு, கிரேயான் மிச்சம் இருந்தால் அதையும் இதில் சேர்க்காதீர்கள். அது இங்கே படிக்கிற பிள்ளைக்கென்று வந்தது. நம் பாடப்புத்தகங்களும் வேண்டாம். இலங்கையில் பாடத்திட்டம் வேறு, அங்கே அரசே பாடநூல் கொடுக்கிறது. பள்ளிச் சீருடையும் அங்கே வெள்ளை. நாம் இங்கே ஜவுளிக் கடையில் சீருடைத் துணி எடுத்து வைத்தால் அந்தப் பிள்ளை பள்ளிக்கு அதை உடுத்திப்போக முடியாது. அதற்குப் பதில் ஸ்வெட்டர் வையுங்கள். ஓசூரில் மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். மலையகத்து ஊரான நுவரெலியா ஓசூரைப் போல இரண்டு மடங்கு உயரத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டரில் இருக்கிறது. வயதுக்குத் தக்க அளவைவிட ஒரு அளவு பெரிதாக எடுத்தால் இரண்டு வருஷம் உழைக்கும்.

எல்லாம் புதிதாக வாங்கி வைத்தும் பாழாகிற பெட்டிகள் உண்டு, ஜோடிப் பொருளை மறந்துவிடுவதால். பென்சில் பத்து இருக்கும், ஷார்ப்னர் இருக்காது. பம்பரம் இருக்கும், சாட்டைக் கயிறு இருக்காது. கால்பந்தைக் காற்று இறக்கி மடித்து அழகாக வைத்திருப்பார்கள், பம்பும் ஊசியும் இருக்காது. நமக்கு ரவுண்டானாப் பக்கம் போனால் எதுவும் கிடைத்துவிடும். தோட்டத்து லயன் வீட்டிலிருந்து (தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடு) கடைத்தெருவுக்குப் போக மலைப்பாதையில் பஸ் பிடிக்க வேண்டும், கையில் காசும் வேண்டும். பம்ப் இல்லாத பந்து வெறும் தோல். அதனால் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, "இதை வைத்து இப்போதே, இங்கேயே விளையாட முடியுமா, எழுத முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் எது குறைகிறதோ அதையும் சேர்த்து வையுங்கள்.

பேட்டரி பொம்மையை நாங்கள் அறவே நிறுத்திவிட்டோம். முக்கியமாக, பொத்தான் மாதிரி இருக்கும் சின்ன செல் போட்ட விளக்கு, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை இவற்றை. அந்தச் செல்லைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். பெட்டி நான்கு வயதுப் பிள்ளைக்கு என்று நாம் எழுதலாம், வீட்டில் ஒரு வயதுத் தம்பி இருப்பான். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் மணி, கோலி, சின்னச் சின்னத் துண்டுகள் எதுவுமே வேண்டாம். பெட்டியின் மேல் ஆணா பெண்ணா, வயது 2 முதல் 4-ஆ, 5 முதல் 9-ஆ, 10 முதல் 14-ஆ என்று பெரிதாக எழுதுங்கள். எழுதாத பெட்டி பதிமூன்று வயதுப் பையனிடம் கிலுகிலுப்பையோடு போய்ச் சேரும்.

தீபாவளித் துப்பாக்கி வைக்கக் கூடாது. பொட்டு வெடியும் ரோல் கேப்பும் வெடிபொருள், பார்சலில் அனுப்பவே முடியாது. வெடி இல்லாத வெறும் துப்பாக்கியும் வேண்டாம். 2009 மே மாதம் வரை போர் நடந்த நாடு அது. அந்தப் பெட்டி எந்த வீட்டுக்குப் போகும், அந்த வீட்டில் யார் யாரை இழந்தார்கள் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியாது.

வசதியானவர்கள் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. ஒரு பெட்டியில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி நிரப்புவார்கள், பக்கத்துப் பெட்டியில் இருநூறு ரூபாய்க்குத்தான் இருக்கும். பெட்டிகளை ஒரே கூடத்தில் வைத்து, ஒரே நேரத்தில் பிள்ளைகள் திறக்கிறார்கள். அந்த நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். எங்கள் குழுவில் இப்போது பெட்டிக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்கிறோம். கூடக் கொடுக்க விரும்புகிறவர்கள் பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம், அனுப்பும் செலவுக்கும் கொடுக்கலாம். யாராவது நல்ல மனதோடு பதினொரு ரூபாய், நூற்றொரு ரூபாய் என்று மொய் மாதிரி உள்ளே வைத்தாலும் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். பரிசுப் பெட்டியில் பணம் போகக் கூடாது.

கட்டும் விதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. மூடியையும் பெட்டியையும் சேர்த்து ஜிகினாத் தாளால் சுற்றி ஒட்டாதீர்கள், சுங்கத்தில் பிரிக்கும்போது கிழிந்துவிடும். மூடிக்குத் தனியாக, அடிப்பெட்டிக்குத் தனியாகத் தாள் ஒட்டி, அகலமான ரப்பர் பேண்ட் போடுங்கள். இடம் மிச்சமிருந்தால் தெர்மாகோல் போடுவதற்குப் பதில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள், அதுவும் பரிசாகிவிடும். உள்ளே என்ன, எத்தனை, என்ன விலை என்ற பட்டியலை உண்மையாக எழுதிக் கொடுங்கள். "பொம்மை" என்று ஒரே வார்த்தையில் எழுதினால் போதாது.

கடைசியாகக் கடிதம். பெரியவர்கள் எழுதினால் பெரும்பாலும் அறிவுரையாகிவிடும், அதனால் பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறோம். அதிலும் கவனம் வேண்டும். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி, "நீங்கள் ரொம்பக் கஷ்டப்படுகிறீர்கள் என்று கேள்விப்பட்டோம்" என்று ஆரம்பித்திருந்தாள். வீட்டில் யாரோ சொல்லிக் கொடுத்தது. பக்கத்தில் உட்காரவைத்து, "உனக்கு ஒருத்தர் இப்படி எழுதினால் எப்படி இருக்கும் கண்ணு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு எழுதினாள்: "எங்கள் ஊரில் கே.ஆர்.பி. அணை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனால் மீன் வறுவல் வாங்கித் தருவார்கள். முள் எடுக்க எனக்குத் தெரியும். உங்கள் ஊரில் என்ன மீன்?" முகவரியும் போன் நம்பரும் மட்டும் எழுத வேண்டாம் என்றேன். தமிழ் தெரியாத பிள்ளைக்குப் போகிற பெட்டி என்றால் படம் வரைந்து வைக்கச் சொல்லுங்கள். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, பள்ளியில் தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளக்கவே தேவையில்லை.

இலங்கையில் பள்ளி ஆண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்குகிறது. அதற்கு முன் போய்ச் சேர வேண்டும் என்றால் தீபாவளிக் கூட்டத்தில் கடை கடையாக அலைவதற்கு முன்பே சாமான் வாங்கிவிட வேண்டும். இந்த வருஷம் நாங்கள் செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்று வைத்திருக்கிறோம். மாம்பழ பார் வைத்த அக்காதான் பட்டியல் எழுதுகிறார். ஸ்வெட்டருக்கு அடுத்து, பந்துக்கு நேராக, பம்பையும் ஊசியையும் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.