ஏற்காடு மலைக்கு ஏற்ற கேம்பர் ட்ரெய்லர்: முதன்முறை வாங்குவோருக்கான செய்முறை விளக்கம்

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். சேலத்தில் கிளம்பி ஏற்காடு ஏறி, அங்கிருந்து ஒரு காப்பித் தோட்டத்து மண் பாதையில் இறங்கி, இரண்டு இரவு தங்கித் திரும்ப வேண்டும். இந்தப் பயணத்துக்கு, காரின் பின்னால் இழுத்துப்போய்க் கூடாரம் விரித்துத் தங்கும் கேம்பர் ட்ரெய்லர்களில் எப்படிப்பட்டதைத் தேர்வு செய்வது, அதை எப்படித் தயார் செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ட்ரெய்லர் பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் மெத்தை மேலும் அடுப்பு மேடை மேலும்தான் விழும். அவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். எடையையும் நீளத்தையும் மாற்ற முடியாது. எனவே அங்கிருந்து தொடங்குங்கள்.

படி 1: எடையை இறக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

மலை ஏற இன்ஜின் போதுமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஆபத்து இருப்பது இறக்கத்தில். 800 கிலோ ட்ரெய்லர் 1000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் அத்தனையும் சூடாக மாறினால், ஏறத்தாழ 23 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். காரின் சொந்த எடை தரும் சூடு இதற்கு மேல் தனி. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. அந்தச் சூட்டை இன்ஜின் வாங்கிக்கொள்ளாவிட்டால் பிரேக்தான் வாங்க வேண்டும்.

ஆகவே நால்வர் குடும்பத்துக்கு, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகும் மொத்த எடை 800 கிலோவைத் தாண்டாத ட்ரெய்லர் போதும். வெறும் ட்ரெய்லர் 550 கிலோ, சாமான் 250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் வாயால் சொல்லும் எடையை நம்ப வேண்டாம், லாரி எடை மேடையில் ஏற்றி ரசீது வாங்குங்கள். நம் ஊரில் எடை மேடைக்கா பஞ்சம்!

ஒரு எச்சரிக்கை சேலத்துக்காரர்களுக்கு மட்டும். எவர்சில்வர் ஊரில் இருப்பதால் அலமாரி, மேடை, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் எவர்சில்வரிலேயே அடிக்கச் சொல்லத் தோன்றும். 1.2 மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஒன்பதரைக் கிலோ வரும். சமையல் மேடைக்கு மட்டும் அதைப் போடுங்கள். மற்றதெல்லாம் அலுமினியமோ பிளைவுட்டோ இருக்கட்டும்.

படி 2: நீளத்தைக் கொண்டை ஊசி வளைவை வைத்து முடிவு செய்யுங்கள்

சேலம் வழியாக ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் ட்ரெய்லர் சக்கரம் காரின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். எவ்வளவு வெட்டும் என்பது, காரின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் கொக்கிப் பந்திலிருந்து ட்ரெய்லர் அச்சு வரை உள்ள தூரத்தைப் பொறுத்தது. பந்து 8 மீட்டர் ஆரத்தில் முழுதாகத் திரும்புகிறது என்று கொண்டால், அந்தத் தூரம் 3.2 மீட்டராக உள்ள ட்ரெய்லர் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் உள்ளே வெட்டும். அதுவே 5 மீட்டராக இருந்தால் 1.75 மீட்டர் வெட்டும். அதாவது உள்பக்கச் சக்கரம் தார் ரோட்டை விட்டு இறங்கி ஓரக் கல்லில் ஏறும், இல்லையென்றால் நீங்கள் எதிர்வண்டியின் பாதிப் பாதையைப் பிடித்துத் திரும்ப வேண்டியிருக்கும். அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோய், பந்திலிருந்து அச்சு வரை அளந்து பாருங்கள். மூன்றரை மீட்டருக்கு மேல் இருந்தால் இந்த மலைக்கு அது வேண்டாம்.

அகலம் காரின் அகலத்தை ஒட்டியே இருக்கட்டும். அப்போதுதான் பக்கக் கண்ணாடியில் பின்னால் வருவது தெரியும்.

படி 3: இழுக்கும் வண்டியும் காகிதமும்

ஸ்கார்ப்பியோ, பொலேரோ, ஃபார்ச்சூனர் போலத் தனி சேசிஸ் (அடிச் சட்டம்) உள்ள வண்டிகள் இதற்குப் பொருத்தமானவை. ஆனாலும் வண்டியின் கையேட்டில் இழுவை எடை எவ்வளவு, கொக்கி மேல் எவ்வளவு எடை உட்காரலாம் என்று பாருங்கள். அந்த எண்கள் கையேட்டில் இல்லை என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொக்கிப் பந்தைத் தாங்கும் இரும்புச் சட்டமான டோ பாரைச் சேசிஸில் போல்ட் போட்டுப் பொருத்த வேண்டும். பம்பரில் வெல்டிங் வைத்துக் கொடுப்பதை ஏற்காதீர்கள், மண் பாதைக் குலுக்கலில் முதலில் விடுவது அதுதான்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். லேத் பட்டறையில் அழகாகச் செய்துவிடலாம்தான், ஆனால் பதிவு கிடைக்குமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஓடும்போது ட்ரெய்லருக்குள் யாரும் உட்காரக் கூடாது, பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

படி 4: அடிப்பாகம்

பட்டை ஸ்பிரிங், காயில் ஸ்பிரிங் என்று இரண்டு வகை உண்டு. காயில் சொகுசுதான். ஆனால் நாமக்கல், சங்ககிரி, சேலம் எங்கும் லாரிப் பட்டறைகள் இருப்பதால், பட்டை உடைந்தால் அன்றைக்கே மாற்றிவிடலாம். தொடங்குபவர்களுக்குப் பட்டையே நல்லது.

டயர் அளவும் வீல் போல்ட் இடைவெளியும் காரில் உள்ளது போலவே இருக்கும்படி கேளுங்கள். ஸ்டெப்னி இரண்டுக்கும் பொதுவாகிவிடும். தார் ரோட்டில் 35 பிஎஸ்ஐ காற்று, தோட்டத்துக் கல் பாதையில் 25 வரை இறக்கலாம். இறக்கினால் மெதுவாக ஓட்ட வேண்டும், தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்ற வேண்டும். அதற்கு 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று அவசியம்.

காரோடு ட்ரெய்லரைப் பூட்டும் இணைப்பான கப்ளிங் விஷயத்தில், சாதாரண 50 மில்லிமீட்டர் பந்து தார் ரோட்டுக்குப் போதும். குழியும் மேடுமான பாதையில் காரும் ட்ரெய்லரும் வெவ்வேறு பக்கம் சாயும்போது அது நெருக்கும். மூன்று திசையிலும் சுழலும் ஆஃப்ரோடு கப்ளிங் வாங்குங்கள்.

படி 5: பிரேக், இதில் சிக்கனம் வேண்டாம்

விலை குறைந்த ட்ரெய்லர்களில் தள்ளு பிரேக் இருக்கும். கார் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே பிரேக்கைப் பிடிக்கும். சமவெளியில் நன்றாக வேலை செய்யும். ஆனால் இருபது வளைவு இறங்கும்போது ட்ரெய்லர் நிற்காமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் பிரேக்கும் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். பிரேக் டிரம் சூட்டில் பழுத்து, கடைசி வளைவுகளில் பிடிமானம் போய்விடும்.

மின்சார பிரேக் நீங்கள் மிதிக்கும்போதுதான் பிடிக்கும். கியரில் இறங்கும் நேரமெல்லாம் டிரம் ஆறிக்கொண்டிருக்கும். ட்ரெய்லர் பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று அமைக்கும் கன்ட்ரோலரை டேஷ்போர்டில் கைக்கெட்டும் இடத்தில் பொருத்துங்கள். முழுச் சாமான் ஏற்றி, வண்டி வராத சமமான தார் ரோட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் சோதித்து, ட்ரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். கொக்கி கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் அறுபடு சுவிட்சும், அதற்கான சிறு பேட்டரியும் கட்டாயம் வேண்டும்.

படி 6: கூடாரம், தண்ணீர், அடுப்பு, கரண்ட்

பெட்டி ட்ரெய்லரின் மேல் விரியும் கூடாரத்தில் நால்வர் படுக்க 1.9 மீட்டர் அகலமாவது வேண்டும். பருத்தி கலந்த கான்வாஸ் துணியாக இருந்தால், வீட்டில் ஒருமுறை விரித்து நன்றாக நனைத்து முழுக்கக் காய விடுங்கள். நூல் உப்பித் தையல் ஓட்டைகள் அடைபடும். இதைச் செய்யாமல் போனால் முதல் மழையிலேயே தலையில் சொட்டும்.

தண்ணீர்த் தொட்டி 60 லிட்டர், அச்சுக்கு நேர் மேலே, தாழ்வாக, உள்ளே தடுப்புகளோடு. அரைத் தொட்டித் தண்ணீர் வளைவில் அலை அடிக்கும், தடுப்பு இருந்தால் அடங்கும்.

கேஸுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். படுக்கும் இடத்துக்கு வெளியே, நிமிர்த்தி வைத்து இறுக்கிக் கட்டுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தேங்கும். எனவே சிலிண்டர் பெட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிப்பதால் திறந்த பானையில் சோறும் பருப்பும் வேகத் தாமதமாகும், குக்கரை மறக்காதீர்கள்.

மார்கழி, தைக் குளிருக்குக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்து வைக்காதீர்கள், தணிந்த கங்காக இருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். கூடுதலாக ஒரு கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.

40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 45 முதல் 50 ஆம்ப்-அவர் வரை இழுக்கும். 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி இரண்டு நாளைக்கு வரும். மலையில் மேகமும் நிழலும் அதிகம், சோலாரை மட்டும் நம்ப வேண்டாம். ஓடும்போது காரிலிருந்து ஏற 25 ஆம்ப் டிசி சார்ஜர் வையுங்கள். இங்கேதான் பலரும் மெல்லிய ஒயரைப் போட்டுவிட்டு, பேட்டரி ஏறவில்லை என்று சார்ஜரைக் குறை சொல்வார்கள். கார் பேட்டரியிலிருந்து 8 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் போகவர ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் அரை வோல்ட்டுக்கும் குறைவு. ஒயரின் இரு முனையிலும் 40 ஆம்ப் ஃபியூஸ் போடுங்கள்.

படி 7: சாமான் ஏற்றுவதும் பூட்டுவதும்

கனமானவை அச்சுக்கு மேலேயும் சற்று முன்னேயும் இருக்கட்டும். கொக்கியில் உட்காரும் எடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 800 கிலோவுக்கு 80 கிலோ. கப்ளிங்குக்கு அடியில், ட்ரெய்லர் சமமாக நிற்கும் உயரத்துக்கு, ஒரு மரக்கட்டையை வைத்து, கட்டைக்கு அடியில் ஆள் எடை பார்க்கும் மெஷினை வைத்தால் தெரிந்துவிடும். பின்பாரம் அதிகமானால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டும். ஆட்டம் வந்தால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, கன்ட்ரோலரின் கைப்பிடியால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். காரின் பிரேக்கை அழுத்தினால் ஆட்டம் கூடும்.

பூட்டிய பிறகு, ட்ரெய்லரின் முன்தண்டில் உள்ள சக்கரம் வைத்த ஜாக்கியால் கப்ளிங்கைச் சற்று மேலே தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. இரண்டு சங்கிலிகளையும் கப்ளிங்குக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் முன்தண்டு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். பிறகு விளக்குகள், இண்டிகேட்டர், ஜாக்கியை முழுக்கத் தூக்கியாயிற்றா என்று பாருங்கள்.

ரிவர்ஸ் எடுக்க ஒரு காலி மைதானத்தில் இரண்டு பக்கெட்டுகளை வைத்துப் பழகுங்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கை போகும் பக்கம் ட்ரெய்லர் போகும். இரண்டு மணி நேரப் பழக்கம் இல்லாமல் மலை ஏறாதீர்கள்.

படி 8: மலைப்பாதையில்

கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஒருமுறை நிறுத்தி வீல் நட்டுகளைச் சோதியுங்கள். புதுச் சக்கரத்தில் முதல் 50 கிலோமீட்டருக்குள் நட்டு தளர்வது சாதாரணம். வளைவுக்கு முன் ஹாரன் அடித்து, அகலமாகப் பிடித்துத் திரும்புங்கள். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும்போது, ஏறிய அதே கியரில் அல்லது அதைவிட ஒரு கியர் குறைத்து வாருங்கள். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராமல், நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். பாதி வழியில் நிறுத்தி டிரம்முக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். கருகிய வாடை வந்தால் அரை மணி நேரம் அப்படியே ஆறட்டும், தண்ணீர் ஊற்றாதீர்கள். பெருமழையில் மண் சரிந்து பிரதானப் பாதையை மூடினால் குப்பனூர் வழிக்குத் திருப்பிவிடுவார்கள். ட்ரெய்லரோடு அப்படிப்பட்ட நாளில் கிளம்பாமல் இருப்பதே மேல்.

படி 9: நிறுத்தி விரிப்பது

காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் தங்க முடியாது. தோட்டத்துக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு அவருடைய இடத்தில் தங்குங்கள். சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தாதீர்கள், அதன் கிளை காற்றில் பட்டென்று முறியும். காட்டுமாடு நடமாட்டம் பற்றித் தோட்டத்து ஆட்களைக் கேளுங்கள், இரவில் காய்கறிக் கழிவை வெளியே விடாதீர்கள்.

வரிசை முக்கியம். காரில் பூட்டியிருக்கும்போதே இடவலச் சாய்வைப் பாருங்கள், தாழ்ந்த பக்கச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றிச் சமன் செய்யுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். அதன் பிறகுதான் ஜாக்கியை இறக்கி, ஒயரைப் பிடுங்கி, கப்ளிங்கைக் கழற்றி, கடைசியாகச் சங்கிலியை எடுக்க வேண்டும். கட்டை போடும் முன் கழற்றியதால் ட்ரெய்லர் சரிவில் உருளுவதுதான் புதியவர்களுக்கு நடக்கும் விபத்து. முன்பின் சமனை ஜாக்கியால் செய்து, நான்கு மூலைக் கால்களையும் பலகை வைத்து இறக்குங்கள், ஈரச் செம்மண்ணில் வெறும் கால் புதையும். கால்கள் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே, அவற்றால் ட்ரெய்லரைத் தூக்கினால் வளைந்துவிடும். கூடார ஆணிகளின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

காலையில் பனி ஈரத்தோடு மடித்தே ஆக வேண்டியிருக்கும். வீடு வந்த அன்றோ மறுநாளோ மொட்டை மாடியிலோ வாசலிலோ விரித்துக் காய வையுங்கள். இரண்டு நாள் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. துணி காயும் நேரத்தில் சக்கர ஹப்பைத் தொட்டு ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்றால் பேரிங் தளர்ந்திருக்கிறது, அடுத்த பயணத்துக்கு முன் கழற்றிக் கிரீஸ் வைக்க வேண்டும்.