பத்துப் பங்காளி, ஒரே பாஸ்வேர்டு

காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டரைக் கொண்டு வருவதில்லை. "மெயில் திறக்கமாட்டேங்குது தம்பி" என்று போனை நீட்டுவார்கள். அதைச் சரிசெய்து கொடுத்ததும், "எந்த மெயில் நல்லது, ஜிமெயிலா, ஜோஹோவா?" என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால் இது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. சாவி யார் கையில் இருக்கிறது, அது தொலைந்தால் மாற்றுச்சாவி எங்கே இருக்கிறது, இந்த இரண்டும்தான் முதலில்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீடு, பங்காளிகள் பத்துப் புள்ளி, அதாவது பத்துக் குடும்பம். வீட்டு வரி, கரண்ட் பில், ஓடு மாற்றிய செலவு, படப்பிடிப்புக்கு வாடகை பேசுவது என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஜிமெயில் முகவரி. பாஸ்வேர்டு வாட்ஸ்அப் குழுவில் கிடந்தது. அதுவும் என்ன பாஸ்வேர்டு? முகப்பில் எழுதியிருக்கும் விலாசம், பக்கத்திலேயே பொறித்திருக்கும் வீடு கட்டிய வருஷம். தெருவில் போகிறவர் நிமிர்ந்து பார்த்தாலே போதும். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு பங்காளி பாதுகாப்புக்கு என்று அதை மாற்றிவிட்டு, யாரிடமும் சொல்ல மறந்துவிட்டார். மற்ற ஒன்பது பேரும் வெளியே. அந்த வாரம் வீட்டுக் கூடத்தில், பட்டாலையில் நடந்த பேச்சை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பாஸ்வேர்டைப் பகிர வேண்டிய தேவையே அங்கே இல்லை. கம்ப்யூட்டரில் ஜிமெயில் அமைப்புகளுக்குள் போனால், உங்கள் பெட்டியை வேறொருவர் கையாள அனுமதி தரும் வசதி இருக்கிறது. சாதாரணக் கணக்கிலேயே 10 பேர் வரை சேர்க்கலாம். அவர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து பொதுப் பெட்டியில் படிக்கலாம், பதில் போடலாம், அழிக்கவும் செய்யலாம். பாஸ்வேர்டை மட்டும் மாற்ற முடியாது. ஒருவர் விலகினால் அவர் பெயரை எடுத்துவிட்டால் சரி.

எனக்கு அதிகமாகக் கோபம் வருவது அடுத்த தவறில். பிள்ளைக்குத் தேர்வு விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டருக்குப் போகிறோம். மின்னஞ்சல் இல்லை என்றதும், அங்கே இருப்பவர் இரண்டு நிமிடத்தில் ஒன்றை உருவாக்கி விண்ணப்பத்தை முடித்துவிடுகிறார். அவசரத்துக்கு, பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் மீட்பு எண்ணாகத் தன் போன் நம்பரையே போட்டுவிடுவார். பெரும்பாலும் கெட்ட எண்ணம் கிடையாது, வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். ஹால் டிக்கெட் வரும் நாளில்தான் பாஸ்வேர்டு தெரியாது என்பது நமக்குத் தெரியும். சென்டர்காரர் அதற்குள் நம்பரை மாற்றியிருந்தால், அந்தக் கணக்கு நம்முடையது என்று நிரூபிக்க வழியே இல்லாமல் போகலாம். விண்ணப்பத்துக்குப் போகும் முன்பே, பிள்ளையின் போனிலோ அப்பாவின் போனிலோ கணக்கை உருவாக்கி, அந்த போன் எண்ணையே மீட்பு எண்ணாகக் கொடுங்கள். சென்டரில் திறந்தால், எழுந்து வரும் முன் வெளியேறிவிட்டு வாருங்கள்.

சரி, எந்த மெயில்? கல்லூரியோ கம்பெனியோ கொடுத்த முகவரியை வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுக்காதீர்கள். அங்கிருந்து விலகும் நாளில் அதுவும் போய்விடும். ஜிமெயிலில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஆனால் அது கூகுள் போட்டோஸ், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அறுபதாம் கல்யாண வீடியோ முழுவதையும் ஏற்றிவிட்டு, "மூன்று நாளாக ஒரு மெயிலும் வரவில்லை" என்று வந்தவரைப் பார்த்திருக்கிறேன். இடம் நிரம்பினால் புது மெயில் உள்ளே வராது. ஜோஹோ நம் ஊர்க் கம்பெனி, இலவசக் கணக்கிலும் விளம்பரம் இல்லை. ஆத்தங்குடித் தரைக்கல், பலகாரம், பழம்பொருள் என்று வியாபாரம் செய்கிறவர்களுக்கு சொந்த டொமைனில், அதாவது இணையத்தில் தங்கள் பெயருக்கென்றே பதிவு செய்த இடத்தில், முகவரி வைத்துக்கொள்ளச் சொல்வேன். நாளைக்கே மெயில் கம்பெனியை மாற்றினாலும் முகவரி மாறாது. ஆனால் டொமைனைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். தவணை தவறி அதை வேறொருவர் வாங்கிவிட்டால், அதன்பின் உங்களுக்கு வரும் கடிதமெல்லாம் அவர் கைக்குப் போகும்.

சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயிலைச் சிலர் கேட்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் மெயிலை அந்தக் கம்பெனியாலேயே படிக்க முடியாத அளவுக்குப் பூட்டு உண்மையிலேயே கெட்டி. அதனால்தான் ஒரு சங்கடமும் இருக்கிறது. பாஸ்வேர்டை மறந்து புதிதாக மாற்றினால், அவர்கள் தரும் மீட்புச் சொற்றொடரை எழுதி வைப்பது போன்ற மாற்று ஏற்பாடு எதுவும் முன்பே செய்திருக்காவிட்டால் பழைய மெயில்கள் பூட்டியபடியே நின்றுவிடும். பாஸ்வேர்டை மாதாமாதம் மறக்கிறவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை.

வெளிநாட்டு நம்பர் இன்னொரு வம்பு. நம் பக்கத்தில் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போனது பழைய காலம் என்றாலும், மலேசியா, சிங்கப்பூர் போய் வருவது நிற்கவில்லை. ஊர் திரும்பியவர் அந்த ஊர் சிம்மைக் கழற்றிப் போட்டுவிடுவார். மெயிலுக்கான ஓடிபி மட்டும் அந்த நம்பருக்கே போய்க்கொண்டிருக்கும். கைவிட்ட நம்பர் கொஞ்ச நாளில் வேறொருவருக்குப் போய்விடும், இங்கேயும் அப்படித்தான். விமானம் ஏறும் முன்பே மெயிலில் நம்பரை மாற்றிவிடுங்கள்.

இனி பணம் போகும் கதை. கல் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், வெளியூர் வாடிக்கையாளரிடம் இரண்டு மாதமாக மெயிலில் பேசி விலை முடித்திருந்தார். முன்பணம் வரவில்லையே என்று கேட்டால், "போன வாரமே அனுப்பிவிட்டேனே" என்கிறார் அவர். நடுவில் வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் போயிருக்கிறது: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள் என்று. பட்டறையின் பெயர், சதுர அடிக் கணக்கு, கல்லின் டிசைன் எல்லாம் அச்சு அசல். முகவரியில் மட்டும் ஓர் எழுத்து வேறு. ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி வைத்தால் எம் போலவே இருக்கும், சின்ன போன் திரையில் கண்ணுக்குப் படாது. அனுப்புநர் பெயர் என்று மேலே தெரிவதை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தொட்டு உள்ளே இருக்கும் முழு முகவரியைப் பார்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும்.

அந்த விவரமெல்லாம் எப்படி வெளியே போயிற்று என்று பட்டறைக்காரரின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு நகல் தெரியாத முகவரிக்குத் தானாகப் போகும்படி யாரோ அமைத்து வைத்திருந்தார்கள். இதில் ஏமாந்துபோவது சுலபம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த அமைப்பு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கணக்கில் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் பாஸ்வேர்டோடு நிறுத்தாதீர்கள். தானாக முன்னனுப்பும் முகவரி, வரும் மெயிலைத் தானாகப் பிரித்து ஒதுக்கும் வடிகட்டிகள், உள்ளே நுழைந்திருக்கும் சாதனங்கள், அனுமதி பெற்ற செயலிகள், மீட்பு எண், இத்தனையையும் பார்க்க வேண்டும். கணக்கு எண் மாறியதாக மெயில் வந்தால், உங்களிடம் முன்பே இருக்கும் நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அந்த மெயிலிலேயே இருக்கும் நம்பருக்குப் போட்டால் எடுப்பவனும் அந்த ஏமாற்றுக்காரன்தான். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். பணத்தை அவன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் அப்புறம் பிடிப்பது கஷ்டம். "கடையைச் சாத்திவிட்டுப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள்.

பாஸ்வேர்டைப் பற்றி இரண்டே விஷயம். மெயிலுக்கு வைத்ததை வேறு எந்தத் தளத்துக்கும் வைக்காதீர்கள். 2013இல் யாஹூவில் நடந்த திருட்டில் சிக்கியவை 300 கோடிக் கணக்குகள். அப்படி ஓரிடத்தில் கசிந்ததை வைத்து மற்ற கதவுகளையும் தட்டிப் பார்ப்பார்கள். அப்புறம், பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டைவிட, போனிலேயே குறியீடு காட்டும் ஆதென்டிகேட்டர் செயலி மேல்; பாஸ்வேர்டே இல்லாமல் கைரேகையாலோ போன் பூட்டாலோ நுழையவிடும் பாஸ்கீ அதைவிட மேல். கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் வைத்துவிடுங்கள். போன் தொலைந்த நாளில் அந்தத் தாள்தான் மாற்றுச்சாவி. ஒவ்வொரு குறியீடும் ஒரு தடவைக்குத்தான், பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள்.

நமக்குப் பிறகு அந்தப் பெட்டியை யார் திறப்பார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. இரண்டு வருஷம் யாரும் தொடாத தனிநபர் கணக்கை கூகுள் அழித்துவிடலாம். வங்கி, பத்திரம், வீட்டுக் கணக்கு பற்றிய மெயிலெல்லாம் அதோடு போகும். கூகுளிலேயே இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. கணக்கு 3 மாதம் முதல் 18 மாதம் வரை, நாம் சொல்லும் காலத்துக்குச் சும்மா கிடந்தால், நாம் முன்பே குறித்த ஆட்களுக்குத் தகவலும் நாம் அனுமதித்த விவரங்களும் போகும். 10 பேர் வரை குறிக்கலாம். தேவகோட்டையிலிருந்து வந்த ஓர் ஐயாவுக்கு இதைச் செய்து கொடுத்தேன். மூன்று மகன்கள் இருந்தும் ஒரே ஒரு பெயர்தான் கொடுத்தார், கடைசி மருமகள் பெயர். நான் நிமிர்ந்து பார்த்ததும், "வீட்டுக் கணக்கை அன்னன்னைக்கு எழுதி வைக்கிறவ அவதானப்பா" என்றார்.