‘லெஸ்’ எங்கே, ‘ஃபியூவர்’ எங்கே? எத்தனை, எவ்வளவு என்று கேட்டுப் பிரிக்கும் முறை

ஒன்று மற்றொன்றைவிடக் குறைவு என்று சொல்ல ஆங்கிலத்தில் ‘லெஸ்’, ‘ஃபியூவர்’ என இரண்டு சொற்கள் உள்ளன. தமிழில் இரண்டுக்கும் ‘குறைவு’ என்ற ஒரே சொல் போதுமாக இருப்பதால், திருகோணமலையில் என்னிடம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் எங்கும் ‘லெஸ்’ என்றே எழுதிவிடுகிறார்கள். ‘கூட’ என்பதற்கு ஆங்கிலத்திலும் ‘மோர்’ என்ற ஒரே சொல்தான் என்பது குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. ஆனால் இந்த வேறுபாடு நமக்குப் புதியதன்று. கேள்வி கேட்கும்போது நாம் அதை நாள்தோறும் காட்டுகிறோம்.

முதற்படியாக, குறைவு என்று சொல்ல வந்த பொருளைப் பற்றித் தமிழில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘எத்தனை’ என்று வாயில் வந்தால் ‘ஃபியூவர்’. ‘எவ்வளவு’ என்று வந்தால் ‘லெஸ்’. கன்னியா வெந்நீரூற்றில் எத்தனை கிணறுகள்? 7. ஓர் இடத்தில் 5 மட்டுமே இருந்தால் அங்கே ‘ஃபியூவர் வெல்ஸ்’. கிணற்றில் எவ்வளவு தண்ணீர்? வற்றியிருந்தால் ‘லெஸ் வாட்டர்’. ‘ஃபியூவர்’ என்பதன் பின்னால் பன்மைப் பெயரே வரும். ‘ஃபிஷ்’ என்ற சொல் பன்மையிலும் பெரும்பாலும் உருமாறாது என்பதால் அங்கே மட்டும் பொருளைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்: வலையில் நேற்றைவிடச் சில பாரை குறைந்தால் ‘ஃபியூவர் ஃபிஷ்’, சோற்றுக்கோப்பையில் தங்கைக்குக் கிடைத்த மீன் குறைந்தால் ‘லெஸ் ஃபிஷ்’.

இரண்டாம் படியில்தான் பலர் இடறுகிறார்கள். தமிழில் எண்ணுவதையெல்லாம் ஆங்கிலம் எண்ணுவதில்லை. கடைக்குப் போய் ‘மூன்று பாண் தாருங்கள்’ என்று கேட்டுப் பழகிய நமக்குப் பாண் எண்ணக்கூடிய பொருள். ஆங்கிலத்திலோ ‘பிரெட்’ என்பது அரிசியையும் மாவையும் போல ஒரு திரள்தான், அதை எண்ண வேண்டுமானால் ‘லோஃப்’ என்ற சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டும். ஆகவே 5 பாணுக்குப் பதிலாக 3 வாங்கிய அன்று ‘லெஸ் பிரெட்’ என்றும் சொல்லலாம், ‘ஃபியூவர் லோவ்ஸ்’ என்றும் சொல்லலாம். ‘ஃபியூவர் பிரெட்’ என்று மட்டும் சொல்ல முடியாது. தளபாடம், பயணப்பொதி, தகவல், அறிவுரை, வீட்டுப்பாடம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களும் இதே இனத்தவை. ஐயம் எழுந்தால், கற்போருக்கான ஆங்கில அகராதியைத் திறந்து சொல்லின் அருகே உள்ள குறியைப் பாருங்கள்: ‘சி’ என்றால் எண்ணலாம், ‘யூ’ என்றால் எண்ண முடியாது.

மூன்றாவதாக, தூரம், பணம், காலம் ஆகிய மூன்றையும் தனியே எடுத்துவையுங்கள், ஏனெனில் இங்கே நமது கேள்வி நம்மை ஏமாற்றிவிடும். நகரிலிருந்து நிலாவெளிக்கு ‘எத்தனை கிலோமீற்றர்’ என்றுதான் கேட்கிறோம். ஆனாலும் 20 கிலோமீற்றருக்கும் குறைவு என்று சொல்ல ‘லெஸ் தான்’ (less than) என்பதே வழக்கு. ஒவ்வொரு கிலோமீற்றராக எண்ணாமல், முழுத் தூரத்தையும் ஒரே நீட்டமாகக் கருதுவதே காரணம். 500 ரூபாவுக்கும் குறைவு, 3 மணித்தியாலத்துக்கும் குறைவு என்பவையும் அப்படியே. ஆனால் பையிலுள்ள நாணயங்களை ஒவ்வொன்றாக எண்ணும்போது மீண்டும் ‘ஃபியூவர் கொயின்ஸ்’ ஆகிவிடும்.

இவ்வளவு கண்டிப்பும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 1770இல் றொபேட் பேக்கர் என்பவர், எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூவர்’ பொருத்தமாகத் தமக்குத் தோன்றுவதாக எழுதினார். அவர் தம் விருப்பமாகச் சொன்னதைப் பின்வந்தோர் விதியாக்கிவிட்டனர். 9ஆம் நூற்றாண்டில் அரசர் ஆல்ஃபிரெட்டின் எழுத்திலேயே எண்ணக்கூடிய சொற்களோடு ‘லெஸ்’ என்பதன் பழைய வடிவம் வந்திருக்கிறது. ஆங்கிலேயரின் பேரங்காடிகளில் ‘டென் ஐட்டம்ஸ் ஓர் லெஸ்’ (10 பொருட்கள் அல்லது அதற்குக் குறைவு) என்ற பலகையில் ‘ஃபியூவர்’ அல்லவா வர வேண்டும் என்று நடந்த சண்டையும் இந்த விதியால்தான். 2008இல் டெஸ்கோ நிறுவனம் அதைவிட்டு ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று எழுதத் தொடங்கியது.

ஆகையால் பேச்சில் யாராவது ‘லெஸ் ஸ்டூடண்ட்ஸ்’ என்று சொன்னால் திருத்தப் போக வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அப்படிப் பேசுகிறார்கள். பரீட்சைத் தாளில் மட்டும் ‘ஃபியூவர் ஸ்டூடண்ட்ஸ்’ என்று எழுதுங்கள். ‘ஃபியூவர் வாட்டர்’ என்பதோ எங்கும் செல்லாது. விதியைப் புதிதாகப் படித்த உற்சாகத்தில் ‘லெஸ்’ கண்ட இடமெல்லாம் வெட்டிவிட்டு ‘ஃபியூவர்’ போடுகிற பிள்ளைகளிடம்தான் அந்தப் பிழையை நான் அதிகம் காண்கிறேன்.