பழைய ஜில்லா, இன்றைய மாவட்டம்: வேர் தேடிச் சென்னைக்கு வருவோருக்கு

டர்பனிலிருந்தோ பினாங்கிலிருந்தோ கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடி வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு பழைய தாள் இருக்கும். கப்பல் பதிவிலிருந்து எடுத்த ஜில்லா, தாலுகா, கிராமம். அதில் ஜில்லாவை மட்டும் நம்பி டாக்சி பிடிக்காதீர்கள். ஆட்சி மாறும்போது முதலில் கை வைப்பது ஜில்லா எல்லையில்தான். தாலுகாவையும் கிராமத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

திருத்தணியையே பாருங்கள். 1860-ல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டபோது திருத்தணி வட ஆற்காடு ஜில்லா. 1911-ல் சித்தூர் ஜில்லா உருவானதும் அதற்குள் போனது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு சேர்ந்து ஆந்திராவுக்குப் போய்விட்டது. தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சி. (ம.பொ. சிவஞானம்) முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960-ல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்து செங்கற்பட்டில் சேர்ந்தது. அந்த மாவட்டம் 1997-ல் இரண்டானபோது திருவள்ளூருக்கு வந்தது. இத்தனைக்கும் ஊர் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. சென்ட்ரலில் ஏறினால் புறநகர் ரயிலிலேயே போய்விடலாம்.

தாளில் ‘செங்கற்பட்டு’ என்றிருந்தால் இன்றைக்கு அது செங்கல்பட்டாகவோ, காஞ்சிபுரமாகவோ, திருவள்ளூராகவோ, ஏன், சென்னை நகரத்துக்குள்ளேயே ஒரு பேட்டையாகவோகூட இருக்கலாம். ‘சித்தூர்’ என்றிருந்தால் ஆந்திராவிலும் தேட வேண்டும். மனம் தளர வேண்டாம், அங்கே தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய ஜில்லா ஆவணங்கள் உண்டு. அனுமதி வாங்கித்தான் பார்க்க முடியும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எழுதிக் கேளுங்கள்.

நகரத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். ஆட்சி கைமாறினால் ஜனங்களுக்கு என்ன ஆகும் என்பதை ஐகோர்ட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தால் காலடியிலேயே காணலாம். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-ல் திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடியும் எதிரி வந்தால் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எதிரே ஒளிந்துகொள்ள இடம் இருக்கக் கூடாதென்று, ஆங்கிலேயர் அங்கிருந்த, இந்தியர்கள் குடியிருந்த கறுப்பர் நகரத்தை இடித்துத் தள்ளினார்கள். நம்மவர்களின் வீடுகள், தெருக்கள், சென்னக் கேசவப் பெருமாள் கோயில் எல்லாம் போயின. இன்று ஐகோர்ட் நிற்பது அந்த மண்ணில்தான். கோயிலைப் பிறகு பூக்கடை அருகே தேவராஜ முதலி தெருவில் கட்டினார்கள். அவசியம் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். இனி இதற்குள் வீடு கட்டக் கூடாது என்று 1773-ல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டடத்தில் மிஞ்சியிருக்கிறது.

கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தலைமைச் செயலகமும் அதே வளாகம் என்பதால் வாசலில் சோதனை உண்டு, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடியை அங்கே பாதுகாக்கிறார்கள். பிள்ளைகளோடு வந்தால் அதைக் காட்டாமல் திரும்பாதீர்கள்.

பெயர்களில் குழம்ப வேண்டாம். மாநிலம் 1969-ல் தமிழ்நாடு ஆனது. ஆங்கிலத்திலும் நகரம் சென்னை ஆனது 1996-ல். அதனால் அப்பா, அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் ‘மெட்ராஸ்’ என்றிருந்தால் தவறில்லை, அதைத் திருத்த அலைய வேண்டியதும் இல்லை. ஆட்டோக்காரரிடம் அண்ணா சாலை என்றாலும் மவுண்ட் ரோடு என்றாலும் கொண்டுபோய் விடுவார்.

ஒரே பெயரில் பல கிராமங்கள் இருக்கும். தாலுகா பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். போனதும் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். அங்கே விவரம் கிடைக்காவிட்டால் கோயில் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கொள்ளுத்தாத்தாவின் பெயரோடு அவருடைய அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லி விசாரியுங்கள்.